ஏலக்காய் ரூமுக்குள் வந்த கருவாடு

எங்கள் வீட்டுக்கு வந்த எலிக்கு நாக்கு நீளம். அரிசி மூட்டை பக்கத்திலேயே இருந்தது, அதை மோந்துகூடப் பார்க்கவில்லை. சிலமலையிலிருந்து எங்க அம்மா கொடுத்துவிட்ட மக்காச்சோளம் ஒரு மூலையில் கிடந்தது, அதையும் சீண்டவில்லை. நேராக ஏலக்காய் அடுக்கி வைத்திருந்த ரூமுக்குப் போனது. சாக்கின் மூலையைக் கத்தரித்து, உள்ளே இருக்கிற கறுப்புப் பிளாஸ்டிக் பையையும் கத்தரித்து, காயை உடைத்து ஏலரிசியை மட்டும் தின்றது. தோலை மட்டும், நான் பார்த்து வயிறெரியட்டும் என்று கதவுக்கு நேராகக் குவித்து வைத்துவிட்டுப் போயிருந்தது. எலி என்றால் சில பெண்கள் கட்டில்மேல் ஏறி நிற்பார்கள். எனக்குப் பயமெல்லாம் கிடையாது, கோபம்தான் வரும்.

அந்தக் காய் எங்களுக்குச் சும்மா வந்த காய் இல்லை. என் வீட்டுக்காரர் சோணை கல்யாணத்துக்கு முன்னாடியிருந்தே ஜீப்பு ஓட்டுகிறவர். போடியிலிருந்து விடியக்காலையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு மலைக்குப் போய், ஊரான் தோட்டத்து வாசலில் இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்ப ஏற்றிக்கொண்டு வருவார். இந்த வருசம்தான் துணிந்து, பூப்பாறைப் பக்கம் சின்னதாக ஒரு தோட்டத்தைக் குத்தகைக்குப் பிடித்தோம். தோட்டத்துக்காரர் ஒரு மலையாளத்துச் சேட்டன், தங்கமான மனுசர். "காய் நல்லதாணெங்கில் அடுத்த வருசமும் நீ தன்னே நோக்கிக்கோ" என்று சொல்லியிருந்தார். காய் நன்றாக இருந்து போடி ஏலக்காய்க் கடைக்காரர் எடுத்துக்கொண்டால் தோட்டம் எங்கள் கையில். கடைக்காரர் திருப்பி அனுப்பினால் அது வேறு ஆளுக்குப் போகும், சோணை மறுபடி ஊரான் வாசலில் ஆள் இறக்கப் போவார். அவ்வளவுதான் விசயம். அந்த வருசம் மழை எங்களை ஏமாற்றவில்லை. காய் பருமனாக வந்தது. மலையில் காய் காயவைக்கிற ஸ்டோரில் உலர்த்தி எடுத்தபோது பச்சை நிறம் அப்படியே நின்றது. மலையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் ஜீப்பில் ஏற்றி இறக்கினோம்.

கடையில் எடை போடுகிற நாள் வரும்வரைக்கும் காய் எங்கள் ரூமில் இருக்க வேண்டும். அதற்குள்தான் இந்த எலி.

விசம் வைக்கலாமே என்று கேட்பீர்கள். ஏலக்காய் இருக்கிற வீட்டில் யாரும் விசம் வைக்க மாட்டார்கள். தின்ற எலி எந்தச் சாக்குக்கு அடியில் போய்ச் சாகும் என்று யாருக்குத் தெரியும்? ஏலக்காய்க்கு ஒரு குணம் உண்டு. தன் வாசத்தை ஊருக்கெல்லாம் கொடுக்கும், பக்கத்தில் இருக்கிற நாற்றத்தையும் வாங்கி வைத்துக்கொள்ளும். மண்ணெண்ணெய் டின் இருந்த ரூமில் வைத்தால் மண்ணெண்ணெய் வாசம். சோப்பு இருந்தால் சோப்பு வாசம். கடைக்காரர் காயை உடைத்து மூக்கில் வைத்த உடனே தெரிந்துவிடும். அதனால் எலியை உயிரோடு பிடிக்க வேண்டும், இல்லையென்றால் கண் முன்னால் சாகடிக்க வேண்டும்.

முதலில் இரும்புக்கடையில் பலகைப்பொறி வாங்கினோம். அதில் சோணையின் கால் கட்டை விரல்தான் விழுந்தது. பிறகு அவர் போனில் பார்த்து ஒரு மிசின் வரவழைத்தார். கரண்டில் சொருகிவிட்டால் மனுசக் காதுக்குக் கேட்காத ஒரு சத்தம் போடுமாம், எலி தெறித்து ஓடுமாம். மறுநாள் பார்த்தால் மிசினுக்கு மேலேயே எலிப்புழுக்கை கிடந்தது. "கதகதன்னு இருந்திருக்கும், ஏறி ஒக்காந்திருக்கும்" என்றேன். அவர் அதைக் கழற்றி அட்டைப்பெட்டிக்குள் வைத்தார்.

அதற்குப் பிறகு அவரே கையால் ஒன்று செய்தார். உயரமான பிளாஸ்டிக் வாளி. அதன் வாய்க்குக் குறுக்கே ஒரு கம்பி. கம்பியில் கோத்த பால்பவுடர் டப்பா, தொட்டால் உருளும். டப்பாவின் மேல் கடலை மிட்டாயை ஒட்டி, ஏறி வருவதற்கு ஒரு பலகையைச் சாய்த்து வைத்தார். மிட்டாயைத் தின்ன டப்பாமேல் கால் வைத்தால் உருண்டு வாளிக்குள் விழ வேண்டியதுதான். பார்க்க அழகாகத்தான் இருந்தது. எறும்புதான் வந்தது. ஏலரிசி தின்கிற எலி கடலை மிட்டாய்க்கு ஏன் வருகிறது?

அடுத்து நான் பசை அட்டை வாங்கி வந்தேன். எங்கள் வீட்டுக்கும் ராமுத்தாய் அக்கா வீட்டுக்கும் நடுவில் ஒரு மதில் இருக்கிறது. எலி அதன்மேல்தான் ஓடியது, நானே பார்த்தேன். அட்டையைப் பிரித்து மதில்மேல் வைத்தேன். அதில் அக்கா வளர்க்கிற பூனைக்குட்டி போய் ஒட்டிக்கொண்டது.

அக்கா அன்று முழுக்க உட்கார்ந்து நல்லெண்ணெய் தடவித் தடவி அந்தக் குட்டியைப் பிரித்தெடுத்தார். ஒரு பக்கம் மயிரெல்லாம் போய்விட்டது. "வாயில்லாச் சீவன், தாய்ப்பால மறந்தே கொஞ்ச நாளுதான் ஆகுது, அதப் போயி ஒட்ட வச்சிருக்கியே" என்றார். நான் பேசாமல் இருந்திருக்கலாம். "ஒங்க பூனை எலியப் பிடிச்சா நான் ஏன் அட்டைய வாங்குறேன்" என்று கேட்டுவிட்டேன். குட்டிப் பூனை எப்படிப் பிடிக்கும் என்று எனக்கும் தெரியும். வாயில் வந்துவிட்டது. அக்கா குட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனவர்தான், அதற்குப் பிறகு மதில் பக்கம் என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் முறுக்கிக்கொண்டு திரிந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் அக்கா பழனிக்கு மாலை போட்டார். தைப்பூசத்துக்கு நடந்து போகிறவர்கள் எங்கள் தெருவில் நிறையப் பேர். அக்கா அதுவரை போனதில்லை. அவருடைய ஒரே மகள் பானுப்பிரியாவைத் தேவாரத்தில் கட்டிக் கொடுத்திருக்கிறார். அவளுக்கு முதல் பிள்ளை தங்கவில்லை. இப்போது மறுபடி மாசமாக இருந்தாள். பிள்ளை நல்லபடியாகப் பிறக்க வேண்டும் என்று நேர்ந்துகொண்டு, பச்சைச் சேலை கட்டி, தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கும்போதுகூட யார்மேலும் படாமல் ஒதுங்கி நின்றார். மீன், கறி சமைக்கிற வீட்டுப் படியேற மாட்டார். மாலை போட்டவர்களுக்கு அதெல்லாம் ஆகாது, தெருவுக்கே தெரியும். சாயங்காலமானால் அவர் வீட்டுச் சாம்பிராணிப் புகை மதிலைத் தாண்டி எங்கள் அடுப்படிவரை வரும்.

கடைசியாக நான் கம்பிக்கூண்டு வாங்கினேன். இரும்புக்கடைக்காரர், "கருவாட்ட மாட்டு ஆத்தா, அதுக்கு மயங்காத எலி இல்ல. கொக்கியில நூல் போட்டு இறுக்கிக் கட்டிரு" என்று சொல்லித்தான் கொடுத்தார். ஏலக்காய் வீட்டில் கருவாடா என்று எனக்கும் தயக்கம்தான். அதனால் கூண்டைக் கொல்லையில் துவைகல்லுக்கு அந்தப் பக்கம் வைத்தேன். ஏலக்காய் ரூமுக்கும் அதற்கும் நடுவில் அடுப்படி, நடுவீடு, ரெண்டு கதவு. கருவாடு இந்தப் பக்கம் எப்படி வரும்? வாளைக் கருவாட்டில் ஒரு நல்ல துண்டாகக் கொக்கியில் குத்திவிட்டேன். நூல் தேடப் பொறுமை இல்லை, அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது.

காலையில் போய்ப் பார்த்தால் கூண்டுக் கதவு திறந்தபடியே இருந்தது. கருவாட்டைக் காணோம். தின்றுவிட்டுப் போயிருக்கிறது என்று திட்டிக்கொண்டே உள்ளே வந்து ஏலக்காய் ரூமைத் திறந்தேன். திறந்ததும் கருவாட்டு வாடை முகத்தில் அடித்தது.

அந்த எலி அங்கேயே தின்னவில்லை. கவ்விக்கொண்டு, கதவிடுக்கு வழியாக வந்து, எங்கள் சாக்குகளுக்கு நடுவில் தன் வளைக்குக் கொண்டுவந்துவிட்டது. மறுநாள் எடை. சோணை மலையில் இருந்தார், விடிந்துதான் ஜீப்போடு வருவார். நான் கட்டியிருந்த சேலையோடு ரூம் நடுவில் உட்கார்ந்துவிட்டேன். அழுகை வரவில்லை. பிறகு என்ன நினைத்தேனோ, ஒரு சாக்கைக் கட்டி இழுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போனேன், வெயிலில் கொட்டினால் வாடை போகும் என்று. வெயிலில் போட்டால் பச்சை நிறம் வெளுத்துவிடும் என்பது போடியில் பால்குடிப் பிள்ளைக்குத் தெரியும். எனக்கு அந்த நேரம் தெரியவில்லை.

"கற்பகம், எங்க இழுத்துட்டுப் போற?"

மதிலுக்கு அந்தப் பக்கம் ராமுத்தாய் அக்கா நின்றார். குளித்து, ஈரத்தலையில் துண்டு கட்டியிருந்தார். எத்தனையோ நாளைக்குப் பிறகு என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

"கருவாட்ட உள்ள கொண்டாந்துருச்சுக்கா" என்றேன். அதற்குமேல் சொல்ல வரவில்லை. அவருக்கு அது போதுமாக இருந்தது. அவர் வீட்டுக்காரரும் உயிரோடு இருந்தவரை ஏலக்காய்ச் சோலிதான் பார்த்தார்.

அக்கா தெருவைச் சுற்றிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தார். நான் குறுக்கே போய் நின்றேன். "அக்கா, வேணாம். மாலை போட்டிருக்கீக. உள்ளயெல்லாம் நாறுது, வராதீக."

"தள்ளு" என்றார்.

"பானுவுக்குன்னு நேந்துருக்கீக. எனக்காக அதக் கெடுக்காதீக."

"முருகன்கிட்ட நான் பேசிக்கிறேன். நீ வெரசா அந்தச் சாக்க எறக்கு, வெயிலு ஏறுது."

உள்ளே வந்துவிட்டார். முதலில் சாக்குகளைப் பிரித்துப் பார்த்து, எது வாடை பிடித்தது, எது பிடிக்கவில்லை என்று தெரிய வேண்டும். அதில்தான் நான் எதற்கும் ஆகாமல் போனேன். முந்தின நாள் கருவாட்டை அறுத்த கை, வெங்காயம் பூண்டு வதக்கிய வீடு. எந்தச் சாக்கை மோந்தாலும் எனக்குக் கருவாடாகத்தான் தெரிந்தது. அக்கா வீட்டில் மாலை போட்ட நாளிலிருந்து வெங்காயம்கூட இல்லை. ஒவ்வொரு சாக்கின் வாயையும் அவிழ்த்து, முகத்தை உள்ளே விட்டு, கொஞ்ச நேரம் அப்படியே இருப்பார். பிறகு நிமிர்ந்து, "இது நல்லாருக்கு" என்பார். நான் கட்டுவேன். "இது நல்லாருக்கு." அதையும் கட்டுவேன். அவர் ஒவ்வொரு தடவை அந்த வார்த்தையைச் சொல்லும்போதும் எனக்கு ஒரு மூச்சு திரும்ப வந்தது.

சுவரோரமாக இருந்த ஒரு சாக்கில் முகத்தை வைத்தவர் உடனே எடுத்துவிட்டார். "இது வேணாம். இதத் தனியா வையி." அதற்குப் பின்னால்தான் கருவாடு இருந்தது. சாக்குத் துணுக்கும் பேப்பருமாகக் கூடு கட்டி, அதற்குள் பாதி தின்ற துண்டு. சுவருக்கும் சாக்கு அடுக்கிய மரப்பலகைக்கும் நடுவில் கொஞ்சம்தான் இடைவெளி. நான் கையை விட்டுப் பார்த்தேன், முழங்கைக்குமேல் போகவில்லை. என் உடம்பு அப்படி. "கம்பி கொண்டாறேன்க்கா" என்றேன். கம்பியால் குத்தினால் இன்னும் சிதறும் என்று சொல்லிக்கொண்டே அக்கா முந்தானையை இழுத்துச் செருகினார். கழுத்து மாலையைப் பின்பக்கமாகத் தள்ளிவிட்டு, குனிந்து, மெலிந்த கையை உள்ளே விட்டார். வெளியே எடுத்தபோது அவர் விரல்களில் அந்தக் கருவாடு இருந்தது.

என்னால் பார்க்க முடியவில்லை. வாங்குவதற்குக் கையை நீட்டினேன். "நீ சாக்கத் தொடணும். ஒன் கையாவது சுத்தமா இருக்கட்டும்" என்று அவரே கொண்டுபோய்த் தெருக்கோடிக் குப்பையில் போட்டுவிட்டு வந்தார்.

நல்ல சாக்குகளை இனி அந்த ரூமில் வைக்க முடியாது. எங்கள் வீட்டில் வேறு இடமும் இல்லை. "எங்க சாமி ரூமு காங்கிரீட்டு. எலி வராது, வாடையும் கெடையாது" என்றார் அக்கா. குளித்துவிட்டு வந்து, நடுவில் இருந்த பலகை, குத்துவிளக்கு எல்லாவற்றையும் எடுத்து வெளியே வைத்தார். நானும் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, ஒவ்வொரு சாக்காகச் சுமந்துபோய் முருகன் படத்துக்கு முன்னால் அடுக்கினேன்.

அன்று சாயங்காலம் அடுப்படியில் நின்றபோது மணிச்சத்தம் கேட்டது. சாம்பிராணி வாசம் மட்டும் வரவில்லை. மதில் வழியாக எட்டிப் பார்த்தேன். அக்கா சாமி ரூமுக்கு வெளியே, நிலையோரத்தில் ஒரு அகல் விளக்கை வைத்துவிட்டு நின்று கும்பிட்டுக்கொண்டிருந்தார். ஊதுபத்தி இல்லை, சூடம் இல்லை.

"ஏன்க்கா ஒண்ணும் ஏத்தல?"

"ஏத்துனா ஒன் காயி அதையும்ல வாங்கிக்கிரும்" என்றார். சொல்லிவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

நான் அடுப்படிக்குத் திரும்பி வந்து அப்போதுதான் அழுதேன். எனக்கு அக்கா, தங்கச்சி என்று யாரும் இல்லை. கூடப் பிறந்தவள் இருந்திருந்தாலும் தன் சாமிக்கு வைக்கிற புகையை எனக்காக நிறுத்தியிருப்பாளா என்று தெரியாது.

மறுநாள் காலையில் சோணை ஜீப்போடு வந்தார். நடந்ததைக் கேட்டுவிட்டு அக்கா வாசலில் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். "நிக்காத சோணை, ஏத்து. நானும் கெளம்பணும், எல்லாரும் கோயில்ல காத்திருப்பாக" என்று அக்காதான் விரட்டினார்.

கடையில் காய் பார்க்கிறவர் ஜக்கையன். அதிகம் பேச மாட்டார். முதல் சாக்கில் கையை விட்டு அள்ளி, உள்ளங்கையில் பரப்பி நிறம் பார்த்தார். ஒரு காயை நகத்தால் கீறி மூக்கில் வைத்தார். இன்னொன்றையும் கீறி வைத்தார். சோணை தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒவ்வொரு சாக்காக இப்படியே பார்த்துக்கொண்டு போனவர் கடைசிச் சாக்கு முடிந்ததும், "மொத வருசமா? வாசம் நல்லாருக்கு. தராசுல தூக்கி வையிங்க" என்றார். தனியாக ஒதுக்கிய சாக்கைப் பற்றி நானே அவரிடம் சொன்னேன், அதைக் கொண்டுவரவில்லை என்றும் சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். சோணை வெளியே வந்ததும் சேட்டனுக்குப் போன் போட்டார். மணி அடித்ததும் போனை என்னிடம் கொடுத்துவிட்டார். நான்தான் சொன்னேன். தோட்டம் எங்களுக்குத்தான் என்று அந்தப் பக்கம் சேட்டன் சொன்னார்.

வீட்டுக்கு ஓடி வந்தால் அக்கா வீடு பூட்டியிருந்தது. மதில்மேல் அந்தப் பூனைக்குட்டி உட்கார்ந்திருந்தது. அதன் சோற்றுக் கிண்ணம் எங்கள் பக்கத்துத் துவைகல்லில் இருந்தது. பார்த்துக்கொள் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை, கிண்ணத்தை வைத்துவிட்டுப் போயிருந்தார். குட்டியின் மொட்டைப் பக்கத்தில் பூனைமுடி லேசாக முளைத்திருந்தது. பாலும் சோறும் பிசைந்து வைத்துவிட்டு, அது தின்று முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

ஒதுக்கிய சாக்கையும் அன்று டிரம்முக்குள் போட்டு மூடிவிட்டதால், ராத்திரி எலிக்கு ஏலரிசி இல்லை. மறுநாள் காலையில், மூலையில் எடுக்காமலே கிடந்த சோணையின் வாளிக்குள் எலி இருந்தது. கடலை மிட்டாய் ருசித்திருக்கிறது. வாளியை மூடி ஜீப்பில் வைத்து, முந்தல் தாண்டிப் புதர்க்காட்டில் விட்டுவிட்டு வந்தார். அத்தனை கடைச்சாமானும் தோற்று, அவர் கைப்பட்ட வாளி ஜெயித்ததில் அவருக்கு நடையே மாறிவிட்டது. "அக்காகிட்டச் சொல்லணும், வா" என்றார். நானும் அதற்குத்தான் சேலை மாற்றி நின்றிருந்தேன்.

பெரியகுளம் தாண்டி, நடக்கிறவர்கள் கூட்டத்தில் அக்காவைக் கண்டுபிடித்தோம். ஒரு புளியமரத்து நிழலில் உட்கார்ந்து காலை நீட்டியிருந்தார். காய் தேறியது, தோட்டம் நின்றது, எலி விழுந்தது என்று நான் ஒரே மூச்சில் சொன்னேன். "நல்லாருங்க" என்றார். சிரித்தார். நான் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒங்களாலதான்க்கா" என்றேன். "எலி விழுந்துச்சுன்னியே, எதுல?" என்று சோணையிடம் பேச்சை மாற்றினார்.

எழுந்தபோது அவருடைய பையை நான் வாங்கிக்கொண்டேன். கனத்தது. உள்ளே ஒரு புதுச் செருப்பு, கடை அட்டைகூடப் பிரிக்காமல் இருந்தது. அப்போதுதான் அவர் காலைப் பார்த்தேன். குதிகால் வெடிப்பு பிளந்து, விரலடியில் கொப்புளம் உடைந்து மண் ஒட்டியிருந்தது.

"செருப்ப வச்சுக்கிட்டு ஏன்க்கா வெறுங்கால்ல நடக்குறீக?"

"எங்கால்ல வெடிப்புன்னு பானு வாங்கிக் குடுத்தா. போட்டுத்தான் நடக்குறதா இருந்தேன்." என் கையிலிருந்த பையின் வாயை மூடினார். "அன்னைக்கு அதக் கையில தொட்டேன்ல. அதுக்குப் பதிலா செருப்புப் போடாம வர்றேன்னு முருகன்கிட்டச் சொல்லிட்டேன். கணக்குச் சரியாப் போச்சு, நீ ஒண்ணும் நெனைக்காத."

நான் என் செருப்பைக் கழற்றி ஜீப்புக்குள் போட்டேன். வத்தலக்குண்டில் வந்து நிற்கச் சொல்லிச் சோணையை முன்னால் அனுப்பினேன்.

"நீ மாலை போடலயே கற்பகம்."

"மாலை போடல. ஒங்க கூட நடக்குறேன்."

தார் ரோடு கொதித்தது. கொஞ்ச தூரத்திலேயே நான் குதித்துக் குதித்து நடக்க ஆரம்பித்துவிட்டேன். ரோட்டோரத்தில் வெள்ளைக் கோடு போட்டிருந்தது. வெறுங்காலில் வந்தவர்கள் எல்லாரும் ஒருவர் பின்னால் ஒருவராக அதன்மேல்தான் நடந்தார்கள். பெயின்டுமேல் சூடு கொஞ்சம் குறைவு. அந்தக் கோடு ஒரு ஆள் கால் வைக்கிற அகலம்தான். ராமுத்தாய் அக்கா என் தோளைப் பிடித்து அதன்மேல் நிறுத்தினார். "இதுமேல வா, சுடாது" என்று சொல்லிவிட்டு, என் பக்கத்தில் தாரில் இறங்கி நடந்தார்.